கொச்சி என்பது கொச்சையா? ஜப்பானியப் பேச்சு வடிவங்கள் குறித்த வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஜப்பானிய மொழி கற்பது பற்றிய ஒரு கேள்விக்குச் சுருக்கமாக விடையளித்திருந்தேன். அதைத் தொடர்ந்து நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்கள் பெரும்பாலும் பாடநூல் ஜப்பானியமும் பேச்சு ஜப்பானியமும் ஏன் வேறுபடுகின்றன என்னும் ஒரே ஐயத்தைச் சுற்றி அமைந்திருந்தமையால், இம்முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்குகிறேன். ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது வல்லினத்தின் வன்மையையும் மென்மையையும் பிரித்துக் காட்ட இயலாது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். எடுத்துக்காட்டாக, 'தெஸ்' என்பதன் முதல் ஒலியைப் 'பந்து' என்னும் சொல்லின் ஈற்றொலி போல மென்மையாகவும், 'தபெரு' என்பதன் முதல் ஒலியைத் 'தண்ணீர்' என்பதில் வருவது போல வன்மையாகவும் ஒலிக்க வேண்டும்.

நான் டிசம்பரில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் என்4 நிலையை எழுத இருக்கிறேன். 'சாப்பிட்டுவிட்டேன்' என்பதற்கு வகுப்பில் 'தபெதெ ஷிமைமஷிதா' என்று கற்பிக்கிறார்கள். ஆனால் ஜப்பானிய அனிமே தொடர்களில் எல்லோரும் 'தபெச்சத்தா' என்றே சொல்கிறார்கள். அவர்கள் பேசுவது பிழையா, அல்லது எங்களுக்குக் கற்பிப்பது வழக்கொழிந்துபோன மொழியா?
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

இரண்டும் இல்லை. நீங்கள் விடுதித் தோழியிடம் 'சாப்பிட்டுட்டேன்' என்று சொல்லிவிட்டு, தேர்வுத் தாளில் 'சாப்பிட்டுவிட்டேன்' என்று எழுதுகிறீர்கள் அல்லவா? ஜப்பானியரும் அதையேதான் செய்கிறார்கள். இதை வெறும் ஒப்புமைக்காகச் சொல்லவில்லை. 'தபெதெ' என்பது 'உண்டு' என்னும் வினையெச்சம். 'ஷிமவு' என்பது நம்முடைய 'விடு' போன்ற துணைவினை. செயல் முற்றிலும் முடிந்ததையும், 'ஐயோ, நடந்துவிட்டதே' என்னும் வருத்தத்தையும் நமது 'விடு' ஒருங்கே உணர்த்துவது போலவே 'ஷிமவு' என்பதும் உணர்த்துகிறது. 'குடத்தைப் போட்டு உடைச்சிட்டேன்' என்பதில் 'விட்டேன்' தேய்ந்து 'இட்டேன்' ஆனதைப் போல, 'தெ ஷிமவு' தேய்ந்து 'ச்சௌ' ஆகிறது. (இதைச் 'சாவு' என்று எழுதுவதே ஒலிக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும் என்று சிலர் கருதலாம், மங்கலம் கருதி 'ச்சௌ' என்றே எழுதுகிறேன்.)

பேச்சு வடிவங்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதை விட, அவை தேயும் தடத்தைத் தெரிந்துகொள்வது எளிது. அந்தத் தடங்கள் தமிழருக்குப் புதியவை அல்ல என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது, த-கரம் ச-கரமாவது. நாம் அடித்து என்பதை அடிச்சு என்றும், உடைத்து என்பதை உடைச்சு என்றும், வைத்து என்பதை வச்சு என்றும் பேசுகிறோம். இ, ஐ ஆகிய ஒலிகளை அடுத்து வரும் த-கரத்தை நாக்கு அண்ணத்தை நோக்கி இழுத்துக்கொள்வதால் இது நிகழ்கிறது. ஜப்பானியத்தில் 'தபெதெ வா' என்பது 'தபெச்சா' ஆவதும், 'அல்ல' என்னும் பொருள் தரும் 'தெவா நை' என்பது 'ஜா நை' ஆவதும் இதற்கு மிக நெருக்கமான மாற்றமே. வன்மையான 'தெ' ச்சா ஆகிறது. மென்மையான 'தெ' ஜா ஆகிறது. இந்த ஒரே விதியால் பத்துப் பன்னிரண்டு வடிவங்கள் விளங்கிவிடும்.

இரண்டாவது, இரண்டு உயிர்கள் சந்திக்கும்போது ஒன்று விழுவது. 'உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்' என்று நன்னூலில் படித்திருப்பீர்கள். 'தபெதெ இரு' என்றால் 'சாப்பிட்டுக்கொண்டிரு'. பேச்சில் இ-கரம் ஓடிவிட, 'தபெதெரு' என்று நிற்கிறது. நாம் 'படித்துக்கொண்டிருக்கிறேன்' என்னும் நெடிய தொடரைப் 'படிச்சிட்டிருக்கேன்' என்று சுருக்குவதோடு ஒப்பிட்டால் அவர்களுடைய சுருக்கம் அடக்கமானது என்றே சொல்லவேண்டும். இதே முறையில் 'கத்தெ ஒகு' என்பது 'கத்தொகு' ஆகிறது. இங்கே 'ஒகு' என்பதன் நேர்ப்பொருள் 'வை' என்பதாகும். ஆகவே 'கத்தெ ஒகு' என்பது எழுத்துக்கு எழுத்து 'வாங்கி வை' என்றே பொருள்படும். நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்று தெரிந்தால் இன்றே 'பிடித்து வை' என்கிறோமே, அந்த முன்னேற்பாட்டுப் பொருள் முழுவதும் அந்த 'ஒகு' என்னும் சொல்லுக்குள் இருக்கிறது. ஆங்கில வழியாக இதைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அரைமணி நேரம் விளக்குவதைத் தமிழ் மாணவருக்கு ஒரு நொடியில் விளக்கிவிடலாம். நம் வகுப்புகளில் பலர் ஏன் அப்படிச் செய்வதில்லை என்பது எனக்குப் புரியாத செய்தி.

மூன்றாவது, ன-கரத்தின் அருகில் வரும் ற-கரமோ ர-கரமோ அதனுள் கரைவது. கன்று நம் வாயில் கன்னு ஆகிறது. என்று என்பது 'ன்னு' ஆகிறது. 'புரியவில்லை' என்னும் பொருளுடைய 'வகரநை' அவர்கள் வாயில் 'வகன்னை' ஆகிறது.

நான்காவதாக, மிக நெடிய தொடர்களின் வால் அறுந்துபோவது. 'போக வேண்டும்' என்பதற்குப் பாடநூல் வடிவம் 'இகநகெரெபா நரநை'. 'போகாவிட்டால் ஆகாது' என்பது அதன் நேர்ப்பொருள். பேச்சில் 'இகநக்யா' என்று பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். 'ஆகாது' என்னும் பகுதியைக் கேட்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். நாம் 'போகணும்' என்று நடுவில் தேய்க்கிறோம், அவர்கள் கடைசியில் வெட்டுகிறார்கள் என்பதே வேறுபாடு.

உங்கள் தேர்வைப் பொறுத்தவரை ஒரு நடைமுறைச் செய்தி உண்டு. இத்தேர்வில் பேச்சுப் பகுதியோ கட்டுரைப் பகுதியோ கிடையாது. சொல்லறிவும் இலக்கணமும், படித்துப் புரிந்துகொள்வதும் கேட்டுப் புரிந்துகொள்வதும் மட்டுமே சோதிக்கப்படுகின்றன. கேட்டல் பகுதியில் நண்பர்கள் உரையாடும் பகுதிகள் வரும்போது இத்தகைய சுருக்கங்கள் காதில் விழும். ஆகவே அவற்றைக் கேட்டவுடன் முழு வடிவத்துக்குத் திருப்பிக்கொள்ளும் பயிற்சி இப்போதைக்குப் போதும். வாயில் புழங்குவது பிறகு தானே வரும்.

முதியோர் பராமரிப்புப் பணிக்காக ஜப்பான் செல்லவிருக்கிறேன். அங்குள்ள முதியவர்களிடம் பாடநூல் மொழியில் பேசினால் அந்நியமாகத் தோன்றாதா? பேச்சு வழக்கில் பேசினால் மரியாதைக் குறைவாகிவிடுமா?
— செவிலியர், வள்ளியூர்

உங்கள் கேள்வியில் இரண்டு வேறு செய்திகள் ஒன்றாகக் கலந்துள்ளன. ஜப்பானியம் கற்கும் நம்மவர் ஏறக்குறைய அனைவரும் இவ்விடத்தில்தான் தடுமாறுகிறார்கள், நானும் தடுமாறினேன். சொல்லைச் சுருக்குவது ஒன்று, மரியாதை காட்டுவது வேறொன்று. சுருங்கிய வடிவமெல்லாம் மரியாதைக் குறைவும் அன்று, முழு வடிவமெல்லாம் மரியாதையும் அன்று.

நம் பேச்சையே பாருங்கள். 'சாப்பிட்டியளா அண்ணாச்சி?' என்று திருநெல்வேலியில் கேட்கும்போது 'சாப்பிட்டீர்களா' என்பது நன்றாகத் தேய்ந்திருக்கிறது. ஆனால் மரியாதை சிறிதும் தேயவில்லை. மாறாக, 'நீ சாப்பிட்டுவிட்டாயா?' என்று பிழையற்ற எழுத்துத் தமிழில் அதே அண்ணாச்சியிடம் கேட்டால் என்ன நடக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. ஜப்பானியத்திலும் இவ்வாறே நான்கு நிலைகள் உண்டு. 'தபெதெ ஷிமத்தா' என்பது முழுமையானது, ஆனால் பணிவுக் குறி அற்றது. 'தபெச்சத்தா' சுருக்கமும் பணிவின்மையும் சேர்ந்தது. 'தபெதெ ஷிமைமஷிதா' முழுமையும் பணிவும் உடையது. பலரும் கவனிக்கத் தவறும் நான்காவது வடிவம் 'தபெச்சைமஷிதா' என்பது. சொல் சுருங்கிவிட்டது, ஆனால் 'மஸ்' என்னும் பணிவு விகுதி கடந்த கால வடிவில் அப்படியே இருக்கிறது. நன்கு பழகிய மேலாளரிடமும் அண்டை வீட்டு முதியவரிடமும் ஜப்பானியர் இயல்பாகப் பேசுவது பெரும்பாலும் இந்த நான்காவது வகைதான். நம் 'சாப்பிட்டியளா' நிற்கும் இடம் அது.

ஆகவே உங்களுக்கு என் பரிந்துரை இது: வாக்கியத்தின் ஈற்றில் 'தெஸ்', 'மஸ்' ஆகிய பணிவு ஈறுகளை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால் உள்ள சொற்கள் நாளடைவில் சுருங்கினால் சுருங்கட்டும். அந்த ஈற்றையும் கைவிட்டுப் பேசும் முறைக்கு அவர்கள் 'தமெகுச்சி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒத்த வயதினர் தமக்குள் பேசும் பேச்சு என்று பொருள். பராமரிப்பு இல்லங்களில் பணியாளர்கள் முதியவர்களிடம் தமெகுச்சியில் பேசுவது அங்கேயே கண்டிக்கப்படும் பழக்கமாகும்.

விளிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். நம்மூரில் முன்பின் தெரியாத முதியவளை 'ஆச்சி' என்று அழைப்பதே மரியாதை. பெயர் சொல்லி அழைப்பது முறையன்று. அங்கே இது தலைகீழாக இருக்கிறது. பராமரிப்பில் இருக்கும் மூதாட்டியைப் பாட்டி என்னும் பொருளில் 'ஒபாச்சன்' என்று அழைத்தால், 'நான் உனக்குப் பாட்டியா?' என்று அவர் மனம் வருந்தக்கூடும். குடும்பப் பெயரோடு 'ஸன்' சேர்த்து அழைப்பதே அங்கே முறை. 'நீங்கள்' என்பதற்கு அகராதி தரும் 'அனதா' என்னும் சொல்லையும் மூத்தோரிடம் தவிர்த்துவிடுங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஐச்சி மாநிலத்தில் ஒரு சிறிய தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, இடைவேளையில் உடன் பணிபுரிந்த இளைஞர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டே மொழி பழகினேன். ஒருநாள் பிரிவுத் தலைவர் ஒரு கருவியைக் காட்டி ஏதோ கேட்க, நான் மிகுந்த தன்னம்பிக்கையோடு 'வகன்னை' என்றேன். அவர் எதுவும் சொல்லாமல் சென்றுவிட்டார். உணவுக்கூடத்தில் பணிபுரிந்த மூத்த பெண்மணி ஒருவர்தான் மாலையில் என்னைத் தனியே அழைத்து, 'வகரிமஸென்' என்று மூன்று முறை சொல்லச் சொன்னார். நான் செய்ததை நம்மூர் வழக்கில் சொன்னால், மேலதிகாரி கேட்ட கேள்விக்கு 'தெரியல போ' என்றதற்குச் சமம். 'ஆம்' என்பதற்கும் இதே நிலைதான்: 'ஹை' என்பது எங்கும் பொருந்தும், மூக்கால் 'உன்' என்று முனகுவது வீட்டாருக்கும் நண்பருக்கும் மட்டுமே.

செந்தமிழ், கொடுந்தமிழ் என்று நம் முன்னோர் பிரித்தது போன்ற பாகுபாடு ஜப்பானியத்தில் உண்டா? அவர்களுடைய எழுத்து மொழியும் பேச்சு மொழியும் நம்முடையவை போல விலகி நிற்கின்றனவா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தென்காசி

ஒரு காலத்தில் நம்மைவிட அதிகமாகவே விலகி நின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஜப்பானியர் எழுதியது பேச்சிலிருந்து பல நூற்றாண்டுகள் பின்தங்கிய செவ்வியல் நடையாகும். மெய்ஜி பேரரசர் ஆண்ட காலத்தில் 'கெம்புன் இச்சி' என்னும் இயக்கம் எழுந்தது. பேச்சும் எழுத்தும் ஒன்றாதல் என்பது அதன் பொருள். ஃபுதபதெய் ஷிமெய் என்பவர் 1887இல் வெளியிடத் தொடங்கிய புதினம் இதில் முன்னோடியாகக் கருதப்படுகிறது. ஆயினும் அரசு உடனே இறங்கிவரவில்லை. 1889இன் மெய்ஜி அரசியலமைப்பு பழைய நடையில்தான் எழுதப்பட்டது. 1946 நவம்பர் 3ஆம் நாள் வெளியிடப்பட்ட இன்றைய அரசியலமைப்போ பேச்சு மொழியின் இலக்கணத்தை அடிப்படையாகக் கொண்ட நடையில் அமைந்தது. எனவே இன்று அவர்களுடைய எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையே உள்ள தொலைவு நம்முடையதை விடக் குறைவு. நாம் வினைமுற்றுகளையே மாற்றிப் பேசுகிறோம். அவர்கள் பெரும்பாலும் ஓரங்களை மட்டுமே தேய்க்கிறார்கள்.

இதில் வெளியார் எதிர்பாராத ஒரு முரண் உண்டு. செய்தித்தாள்களும் ஆய்வுக் கட்டுரைகளும் 'தெஸ்', 'மஸ்' ஈறுகளைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. 'தா', 'தெ அரு' என்றே வாக்கியங்களை முடிக்கின்றன. நண்பர்கள் பேசும் மொழியிலும் அதே 'தா' வருகிறது. அப்படியானால் செய்தித்தாள் வாசகரை மதிக்கவில்லையா? அவ்வாறு கொள்ளக் கூடாது. பணிவு ஈறு என்பது எதிரில் ஒருவர் இருக்கிறார் என்பதற்கான அடையாளம். எவரையும் முன்னிலைப்படுத்தாத எழுத்துக்கு அது தேவைப்படுவதில்லை.

செந்தமிழ் நிலம் போன்ற பாகுபாட்டைக் கேட்டிருக்கிறீர்கள். உஎதா கஸுதொஷி என்னும் மொழியறிஞர் 1895இல் 'ஹியோஜுங்கோ', அதாவது தர மொழி என்னும் கருத்தை முன்வைத்தார். தோக்கியோவின் கற்றோர் பேச்சு அதற்கு அடிப்படையாயிற்று. பிறகு பள்ளிகள் அதைப் பரப்பிய விதம் எல்லா இடத்திலும் இனிமையாக இருக்கவில்லை. ஒகினாவா தீவுகளில் தம் ஊர்ப்பேச்சைப் பேசிய மாணவனின் கழுத்தில் 'ஹோகென் ஃபுதா' என்னும் மரப்பலகையைத் தொங்கவிட்டார்கள். அடுத்து எவனாவது ஊர்ப்பேச்சில் வாய் திறந்தால்தான் பலகையை அணிந்தவன் அதைக் கழற்றி மற்றவன் கழுத்தில் மாட்ட முடியும். 'சொல்லுதான்', 'செய்யுதான்' என்று பேசியதற்காக வெளியூரில் கேலிக்கு ஆளான நெல்லைக்காரர்கள் அந்தப் பலகையின் எடையை ஓரளவு உணர்வார்கள்.

வட்டார வழக்கையும் பேச்சுச் சுருக்கத்தையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மேலே நான் விளக்கிய 'ச்சௌ' தோக்கியோப் பேச்சில் 'விடு' என்னும் துணைவினை. ஆனால் ஒசாகாவில் ஒருவர் 'ச்சௌ' என்றால் அது 'வேறுபடுகிறது, அப்படியல்ல' என்னும் பொருளுடைய 'சிகவு' என்பதன் மரூஉ.

மரூஉ என்று எழுதும்போதே நன்னூலார் நினைவுக்கு வருகிறார். இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என மூன்றையும் இயல்பு வழக்கு என்னும் ஒரே தலைப்பில் அவர் வைத்தது எவ்வளவு நுட்பமான முடிவு என்பது அயல்மொழி ஒன்றைக் கற்கும்போதுதான் எனக்கு விளங்கியது. நெல்லை என்பதே திருநெல்வேலியின் மரூஉ. அதை எவரும் பிழை என்பதில்லை. இலக்கணப்போலிக்கும் அங்கே இணை உண்டு. இல்முன் என்பது முன்றில் என முன்பின்னாக மாறியது போல, சூழலின் உணர்வைக் குறிக்கும் 'ஃபுன்இகி' என்னும் சொல்லைப் பலர் 'ஃபுஇன்கி' என்று மாற்றி ஒலிக்கிறார்கள். நம்முடைய முன்றில் இலக்கணத்தில் ஏறிவிட்டது. அவர்களுடைய ஃபுஇன்கி இன்னும் வாசலில் நிற்கிறது.

தங்களுக்கு இன்னொரு சொல்லும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். 'இந்தப் பக்கம்' என்பதற்குக் கடைக்காரர் விருந்தினரிடம் சொல்லும் பணிவான வடிவம் 'கொச்சிரா'. நண்பர்களிடம் சொல்லும் வடிவம் 'கொச்சி'. பெயர் எப்படி இருந்தாலும் அது கொச்சை அன்று. 'இங்ஙனம்' தேய்ந்து நம்மூரில் 'இங்கன' என்று வழங்குவதைப் போன்ற வீட்டு மொழி.

'பார்க்க முடியும்' என்பதற்கு 'மிரரெரு' என்று எழுதினால் சரி, 'மிரெரு' என்று எழுதினால் தவறு என எங்கள் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைக்கிறார். இணையத்தில் ஜப்பானியர்களே 'மிரெரு' என்று எழுதுகிறார்களே?
— பொறியியல் மாணவர், சங்கரன்கோவில்

தேர்வில் உங்கள் ஆசிரியர் சொல்வதே சரி. தெருவில் நீங்கள் சொல்வதும் சரி. 'ர' என்னும் ஓர் எழுத்தை விட்டுவிடும் இப்பழக்கம் குறித்து ஜப்பானில் நெடுங்காலமாக வாதம் நடக்கிறது. தொலைக்காட்சியில் ஒருவர் 'மிரெரு' என்று பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் கீழே எழுத்துவரி 'மிரரெரு' என்று திருத்திக் காட்டுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆனால் ஜப்பானியப் பண்பாட்டு முகமை 2015ஆம் நிதியாண்டுக்கு நடத்திய மொழி ஆய்வில், புத்தாண்டின் முதல் சூரிய உதயத்தைப் பார்க்க முடிந்தது என்பதற்கு 'மிரெதா' என்போர் 48.4 விழுக்காடாகவும், 'மிரரெதா' என்போர் 44.6 விழுக்காடாகவும் இருந்தனர். சுருங்கிய வடிவம் முந்தியது அதுவே முதன்முறை.

இது வெறும் சோம்பலால் நேர்ந்தது என்று நான் கருதவில்லை. 'மிரரெரு' என்பதற்குப் 'பார்க்க முடியும்', 'பார்க்கப்படும்', 'அவர் பார்க்கிறார்' என்னும் மதிப்புப் பொருள் ஆகிய மூன்றும் உண்டு. 'மிரெரு' முதற்பொருளை மட்டுமே தருகிறது. மூன்று பேர் பகிர்ந்துகொண்டிருந்த வீட்டில் ஒருவருக்குத் தனி அறை கிடைத்தது போன்ற மாற்றம் இது.

'என்று' என்பதற்கு நாம் 'ன்னு' என்பது போல அவர்கள் 'த்தெ' என்கிறார்களாம். தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்பதற்கு இது சான்றா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

சான்றாகாது. ஒருவர் சொன்னதை முதலில் வைத்து, பிறகு 'என்று' எனச் சேர்ப்பது இரு மொழிகளுக்கும் பொது. எழுத்தில் வரும் 'தொ யூ' பேச்சில் 'த்தெ' என வழங்குவதும் உண்மை. ஆனால் அடிக்கடி வழங்கும் சிறுசொல் எந்த மொழியிலும் தேயும். ஜப்பானிய அறிஞர் ஓனோ ஸுஸுமு இவ்விரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பான்மையோர் அதை ஏற்கவில்லை. உறவில்லாமலேயே இவ்வளவு ஒத்திருப்பதுதான் எனக்கு அதிக வியப்பைத் தருகிறது.

ஜப்பானியர் பேச்சில் அடிக்கடி 'யப்பா' என்கிறார்களே, அவர்களுக்கும் அப்பாதானா?
— வாசகி, கோவில்பட்டி

இல்லை அம்மா. 'நான் நினைத்தபடியே' என்னும் பொருளுடைய 'யஹரி' என்னும் எழுத்து வடிவம், அன்றாடப் பேச்சில் அழுத்தம் பெற்று 'யப்பரி' ஆகிறது. இளையோர் அதையும் வெட்டி 'யப்பா' என்கிறார்கள். முதலாவது கட்டுரைக்கு, இரண்டாவது எவரிடமும், மூன்றாவது தோழியரிடம் மட்டும். மழை வரும் என்று குடையோடு கிளம்பி, மழையும் வந்துவிட்டால் அவர்கள் 'யப்பா' என்பார்கள். குடையை மறந்துவிட்டு நனைந்துகொண்டு நாம் சொல்லும் 'யப்பா'வுக்கு அவர்களிடம் இருப்பது 'யரெ யரெ'.